கேயாசி பின்னால ஓடினான்

எங்க லேன்ல ஒரு ஆன்ட்டி இருந்தாங்க, இடியப்பம் அவிச்சு விப்பாங்க. விடிய மூணு மணிக்கே எழும்பி மா குழைச்சு, அஞ்சரைக்கெல்லாம் தட்டு தட்டா அடுக்கி வச்சிருவாங்க, ஆறு மணிக்குப் போனா சிவப்பரிசி இடியப்பம் முடிஞ்சிருக்கும், வெள்ளைதான் கிடைக்கும். 2023 செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்க, த்ரீவீல்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அடுத்த நாள் காலையில அவங்க மகன் எங்க கேட்டுக்கிட்ட வந்து நின்னான். "அக்கா, சர்ச் ஒஃபிசுக்கு கூட வாறீங்களா, எனக்கு அங்க யாரையும் தெரியாது"ன்னான். அவன் சர்ச்சுக்கு வந்து பல வருஷம். ஆன்ட்டி மட்டும்தான் வருவாங்க, கடைசிக்கு முந்தின வரிசை, ஃபேனுக்குக் கீழ.

ஒஃபிஸ்ல இருந்தவர் முதல்ல வருத்தம் சொன்னார். அப்புறம் லாச்சியைத் திறந்து ஒரு நீட்டு சீஆர் புத்தகத்தை எடுத்தார், சந்தா எழுதுற புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம், மாசத்துக்கு ஒரு கட்டம். ஆன்ட்டியோட பக்கத்தைத் தேடி எடுத்து விரலை மேல இருந்து கீழ கொண்டு வந்தார். 2022 மார்ச் வரைக்கும் எல்லாக் கட்டத்திலயும் 300, 300, 300ன்னு நீல மையில இருக்கு. ஏப்ரல்ல இருந்து வெறும் கட்டம். பதினேழு கட்டம். அவர் விரல் ஒவ்வொரு வெறும் கட்டத்திலயும் ஒரு செக்கன் நின்னு நின்னு போனதை நான் இன்னும் மறக்கல்ல.

2022 ஏப்ரல்ல நாட்டில என்ன நடந்ததுன்னு கொழும்பில இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்ல. கேஸ் இல்ல, மண்ணெண்ணெய் இல்ல, மா விலை எங்கயோ போயிட்டுது. இடியப்பம் அவிச்சுப் பிழைக்கிற ஒரு மனுசி கேஸ் சிலிண்டருக்கு ரோட்டோரமா நாள் கணக்கா வரிசையில நின்ன காலம் அது. அந்த 300 ரூபா எங்க போச்சுன்னு அந்தக் கட்டத்துக்குத் தெரியாது, ஆனா அந்த ஒஃபிஸ்ல இருந்தவருக்குத் தெரியும், அவரும் அதே வரிசையில நின்னவர்தான்.

"5,100 ரூபா நிலுவை இருக்கு, அதை செட்டில் பண்ணினா சர்வீஸுக்கு நேரம் எழுதிடலாம்"ன்னார். சத்தம் போடல்ல, கோவிக்கல்ல, சாதாரணமாத்தான் சொன்னார். பொடியன் பொக்கெட்ல கை விட்டு எடுத்தான், ரெண்டாயிரம் சொச்சம் இருந்துது, அது பெட்டிக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்க வச்சிருந்த காசு. நான் கொஞ்சம் போட்டேன், லேன்ல இன்னொரு அக்காவுக்கு கோல் பண்ணி அவங்க மிச்சத்தைக் கொண்டு வந்தாங்க. ரிசீட் எழுதித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சர்வீஸ் நடந்து மாதம்பிட்டியில அடக்கம் பண்ணினோம். பாஸ்டர் நல்லாத்தான் பிரசங்கம் பண்ணினார். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்"ங்கிற வசனம். எல்லாரும்ங்கிற சொல்லை ரெண்டு தரம் அழுத்திச் சொன்னார். பொடியன் தலையைக் குனிஞ்சே இருந்தான்.

அன்னைக்கு ராத்திரி நித்திரை வரல்ல. பைபிளை எடுத்து 2 இராஜாக்கள் அஞ்சாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஞாயிறு பள்ளிக்கூடத்தில படிச்ச கதைதான், நாகமான் யோர்தான்ல ஏழு தரம் முழுகி குஷ்டம் சுகமான கதை. எங்களுக்கு டீச்சர் அந்த முழுக்கோட கதையை முடிச்சிருவாங்க. அதுக்குப் பிறகுதான் முக்கியமான சங்கதி இருக்குன்னு எனக்கு நாப்பது வயசுக்குப் பிறகுதான் விளங்கிச்சு.

நாகமான் யாரு? சீரியா ராஜாவோட படைத்தலைவன், இஸ்ரவேலுக்கு எதிரி. அவன் வீட்டில வேலை செய்யிற சின்னப் பிள்ளையே இஸ்ரவேல்ல இருந்து பிடிச்சிட்டுப் போன பிள்ளை. அந்தப் பிள்ளைதான் "சமாரியாவில ஒரு தீர்க்கதரிசி இருக்கார், அவர்கிட்ட போனா சுகமாகும்"னு சொல்லுது. அவன் பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் நிறை தங்கம், பத்து மாத்துத் துணி எல்லாம் கட்டிக்கொண்டு வாறான். காசு குடுத்தாத்தான் சாமி பார்க்கும்னு அவனுக்கும் யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்தத் தீர்க்கதரிசி எலிசா வெளியிலயே வரல்ல, ஆள் அனுப்பி போய்க் குளின்னுட்டார். இவனுக்குக் கோவம், எங்க ஊர் ஆறு இதை விட நல்ல ஆறுங்கிறான், கடைசியில வேலைக்காரங்க சொல்லிக் கேட்டு முழுகுறான், தோல் சின்னப் பிள்ளையோட தோல் மாதிரி ஆயிடுது. திரும்பி வந்து காணிக்கை வாங்கிக்கங்கன்னு கெஞ்சுறான். எலிசா ஒரே பேச்சு, வாங்க மாட்டேன்னுட்டார். எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கல்ல.

ஏன் வாங்கல்ல? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒரே காரணம்தான். அந்த மனுசன் முதல் தரமா இந்தக் கடவுளைப் பார்க்கிறான், பார்க்கிற முதல் பார்வையே கடையா இருக்கக் கூடாது.

அதுக்குப் பிறகு அவன் கேக்கிற ரெண்டு விசயம் இருக்கு பாருங்க, அதை வாசிக்கிறப்ப எனக்கு எப்பவும் எங்க அம்மா ஞாபகம் வரும். முதல் விசயம், ரெண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவு மண் கேக்கிறான், ஊருக்குக் கொண்டு போய் அந்த மண்ணில நின்னு கும்பிட. ரெண்டாவது, எங்க ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவார், நானும் அங்க குனிய வேண்டி வரும், அதை மட்டும் கர்த்தர் மன்னிக்கணும்ங்கிறான். எலிசா லெக்சர் அடிக்கல்ல, ஃபோர்ம் நிரப்பச் சொல்லல்ல. "சமாதானத்தோடே போ"ன்னார். அவ்வளவுதான்.

எங்க அம்மா இந்து. ஹட்டன் பக்கத் தோட்டத்தில பிறந்து, அப்பா புறக்கோட்டையில கடை வேலைக்கு வந்தப்ப கூட வந்தவங்க. செவ்வாய்க்கிழமைன்னா என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவாங்க. நெத்தியில பொட்டு, தலையில பூ, கையில மெழுகுதிரி. வரிசையில முன்னுக்கு சிங்கள அம்மா ஒருத்தங்க, பின்னுக்கு முக்காடு போட்ட முஸ்லிம் அக்கா ஒருத்தங்க, செவ்வாய்க்கிழமை அந்த இடம் எப்பவும் அப்படித்தான். சுரூபத்தோட கண்ணாடியில கையை வச்சு அம்மா என்னவோ முணுமுணுப்பாங்க, தமிழ்லதான், முருகான்னும் சில நேரம் வரும். ஒருத்தரும் நீ யாரு, எந்தச் சபை, சந்தா கட்டினியான்னு கேட்டதில்ல. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்னைக்கு அங்க குண்டு வெடிச்சுது, ஜூன்ல திரும்பத் திறந்த பிறகு வந்த முதல் செவ்வாயே அம்மா போகணும்னு நின்னாங்க. வீட்டில இன்னைக்கும் ஒரே தட்டில முருகன் படமும் அந்தோனியார் படமும் பக்கத்தில பக்கத்தில இருக்கு. எலிசாகிட்ட கேட்டா அவர் என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும்.

சரி, கேயாசிக்கு வாறேன். எலிசாவோட வேலைக்காரன். எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தவன். அவன் மனசுக்குள்ள சொல்லிக்கிறதை பைபிள் அப்படியே எழுதி வச்சிருக்கு, "அந்த சீரியனாகிய நாகமான்" கொண்டு வந்ததை எங்க ஐயா வாங்காம விட்டுட்டாரேன்னு. நாகமான்னு பேர் மட்டும் சொல்லியிருக்கலாம். அந்த சீரியன்ங்கிறான். சுகம் குடுக்கிறப்ப அவன் அந்நியனாத் தெரியல்ல, காசு பிடுங்க நினைச்ச உடனே அந்நியன் ஆயிட்டான். எனக்கு இந்த ஒரு சொல்லிலதான் முழு அதிகாரமும் நிக்குது.

பின்னால ஓடுறான். ஓடி வாறதைப் பார்த்து நாகமான் தேரில இருந்து கீழ இறங்குறான், அதைக் கவனிங்க, படைத்தலைவன் ஒரு வேலைக்காரனுக்காக இறங்குறான், "சுகந்தானா"ன்னு கேக்கிறான். கேயாசி சொல்றான், எப்பிராயீம் மலையில இருந்து ரெண்டு வாலிபப் பொடியன்கள் வந்திருக்காங்க, அவங்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் ரெண்டு மாத்து உடுப்பும் வேணுமாம்னு. பாருங்க, தனக்குன்னு கேக்கல்ல, ஊழியத்துக்குன்னு கேக்கிறான், வறுமையில இருக்கிற ஊழியக்காரங்களுக்காம். இந்த டயலொக்கை நான் எத்தனை மேடையில கேட்டிருக்கேன்! நாகமான் ஒண்ணு என்ன ரெண்டா எடுன்னு வற்புறுத்திக் குடுக்கிறான். ஒரு தாலந்துன்னா 30 கிலோவுக்கு மேல வரும், 25 கிலோ அரிசி மூட்டையை விடப் பாரம், அதில ரெண்டு. ரெண்டு வேலைக்காரங்க சுமந்து வந்தாங்க, மேடு வந்ததும் இவன் அதை வாங்கி வீட்டுக்குள்ள வச்சிட்டு, போய் ஐயா முன்னால நிக்கிறான். எங்கயிருந்து வாறேன்னு கேட்டதுக்கு எங்கயும் போகல்லங்கிறான். நாகமானோட குஷ்டம் அவனுக்கு வந்துது.

சின்ன வயசில இதைக் கேட்டப்ப, பொய் சொன்னதுக்கும் பேராசைக்கும் தண்டனைன்னு நினைச்சேன். இப்ப அப்படி மட்டும் தெரியல்ல. அவன் திருடினது வெள்ளியை மட்டும் இல்ல. ஊருக்குத் திரும்பிப் போற ஒரு அந்நியன் மனசில, இஸ்ரவேலின் கடவுள் இலவசமா சுகம் குடுத்தார்ங்கிற நினைப்பு ஒண்ணு இருந்துது, அதை எடுத்திட்டு அந்த இடத்தில ஒரு பில்லை வச்சான். எங்க ஆன்ட்டியோட மகன் மனசிலயும் அன்னைக்கு அந்தப் பில்தான் போய் உக்காந்துது, 5,100ன்னு.

பைபிள்ல ஊழல் வாற இடத்தையெல்லாம் இப்ப நான் இந்தக் கண்ணாலதான் வாசிக்கிறேன். வெறும் காசுக் கதையா ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது, கூடவே யாரோ ஒரு ஆள் வாசலுக்கு வெளிய நிக்கிறான்.

எருசலேம் தேவாலயத்தையே எடுங்க. ஏரோது கட்டின ஆலயத்தில வெளிப் பிரகாரம்னு பெரிய முற்றம் ஒண்ணு, புறஜாதியார், அதாவது யூதர் இல்லாதவங்க, அது வரைக்கும் வரலாம். அங்கயிருந்து உள்ள போற இடத்தில ஒரு தடுப்புச் சுவர், அதில கிரேக்கத்தில கல்வெட்டு, அந்நியன் எவனும் இதைத் தாண்டி வரக் கூடாது, பிடிபட்டா சாவுதான், அதுக்கு அவனே பொறுப்புன்னு. கதையில்ல, அந்தக் கல்லே 1871-ல கிடைச்சு இப்ப இஸ்தான்புல் மியூசியத்தில இருக்கு. ஆக அந்நியனுக்குன்னு இருந்ததே அந்த ஒரு முற்றம்தான், காசு மாத்துறவங்களும் புறா விக்கிறவங்களும் மேசை போட்டது அங்கதான்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க. ஒரு எத்தியோப்பியனோ கிரேக்கனோ எத்தனை நாள் நடந்து வந்து அங்க நின்னு ஜெபம் பண்ணலாம்னு பார்த்தா, ஆடு கத்துது, மாடு நிக்குது, சில்லறை எண்ணுற சத்தம். உள்ளுக்குப் போனா கொலை, வெளிய நின்னா சந்தை. அவன் எங்கதான் நின்னு கும்பிடுறது?

ஆலய வரிக்கு எடுத்த காசு தீருங்கிற அந்நியப் பட்டணத்தோட வெள்ளிக்காசு, சுத்தமான வெள்ளிங்கிறதால. அதில ஒரு பக்கம் மெல்கார்ட்ங்கிற தீருவின் சாமியோட தலை. அந்நிய சாமி தலை போட்ட காசு உள்ள போகலாம், அந்நிய மனுசன் உள்ள போக ஏலாது. புறாவும் அப்படித்தான், ஆட்டுக்குட்டி வாங்க வக்கில்லாதவங்க குடுக்கலாம்னு லேவியராகமம் சொன்ன காணிக்கை அது, மரியாள் இயேசுவைப் பெத்திட்டு வந்தப்ப அந்தக் காணிக்கைதான் குடுத்தா. இயேசு போய் காசு மாத்துறவங்க மேசையோட சேர்த்துக் கவிழ்த்தது இந்தப் புறா விக்கிறவங்க ஆசனத்தை. அவருக்கு அந்த விலை வீட்டில பேசிக் கேட்டிருக்கும்.

மேசையைக் கவிழ்த்திட்டு அவர் சொன்னது ரெண்டு தீர்க்கதரிசிகளோட பேச்சைச் சேர்த்துக் கட்டினது. "சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு"ங்கிறது ஏசாயா 56, "கள்ளர் குகை"ங்கிறது எரேமியா 7. அவர் ரெண்டையும் ஒரே மூச்சில சொல்றார், ஏன்னா ரெண்டும் ஒரே குத்தம். பிரசங்கங்கள்ல நான் கேட்டதெல்லாம் கள்ளர் குகை மட்டும்தான், சகல ஜனங்களுக்கும்ங்கிறதை வேகமாத் தாண்டிப் போயிருவாங்க. மத்தேயுவும் லூக்காவுமே அந்தச் சொல்லை விட்டுட்டுத்தான் எழுதியிருக்காங்க, மாற்கு மட்டும் வச்சிருக்கார். மாற்குக்கு நான் நன்றி சொல்றேன்.

ஏசாயா 56-ல முதல் எட்டு வசனத்தையும் வாசிங்க. கர்த்தரைச் சேர்ந்த அந்நியபுத்திரன், கர்த்தர் என்னைத் தம்முடைய ஜனத்தை விட்டுப் பிரிச்சுப் போடுவார்னு சொல்லக் கூடாது, அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன், "இதோ, நான் பட்டமரம்"னு சொல்லக் கூடாது. அந்த "அந்நியபுத்திரன்"ங்கிற சொல்லை நான் சும்மா தாண்டிப் போக மாட்டேன். எங்க தாத்தா தோட்டத்தில பிறந்து தோட்டத்தில கொழுந்துக் கூடையோட வளர்ந்தவர், 1948-ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நாடில்லாதவர் ஆயிட்டார். சாகுற வரைக்கும் அவர்கிட்ட ஒரு நாட்டுப் பேப்பரும் இல்ல. "கள்ளத்தோணி"ன்னு அவரைக் கூப்பிட்டதை அம்மா காதால கேட்டிருக்காங்க, கூப்பிட்டதில ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறவங்களும் இருந்தாங்க. அதனால அந்த வசனம் எனக்கு அழகான வசனம்னு மட்டும் இல்ல, எங்க வீட்டுக்கு வந்த கடிதம் மாதிரி.

இதுக்கு நேர் எதிராவும் வேதத்தில இருக்குங்கிறதை மறைக்கக் கூடாது. உபாகமம் 23-ல அண்ணகன் சபைக்குள்ள வரக் கூடாது, மோவாபியன் பத்தாம் தலைமுறை வரைக்கும் வரக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எஸ்றா காலத்தில அந்நிய மனைவிகளைப் பிள்ளைகளோட அனுப்பிட்டாங்க, அந்த அதிகாரத்தை நான் இன்னைக்கு வரைக்கும் வயிறு எரியாம வாசிச்சதில்ல. ஆனா அதே வேதத்தில ரூத் இருக்கா, மோவாபியப் பொண்ணு, தாவீதுக்குப் பாட்டியோட ஸ்தானத்துக்கும் ஒரு படி மேல. பத்துத் தலைமுறை எங்க, மூணாவது தலைமுறையில ராஜா. வேதம் தனக்குள்ளயே வாக்குவாதம் பண்ணுது, இயேசு அந்த வாக்குவாதத்தில எந்தப் பக்கம் நின்னார்ங்கிறதைத்தான் நான் பார்க்கிறேன். நாசரேத்தில தன்னோட சொந்த ஜெப ஆலயத்தில எழும்பி, சாறிபாத் விதவையையும் இந்த நாகமானையும்தான் இழுத்தார், ரெண்டு பேரும் வெளியாட்கள். ஊர்ச்சனம் அவரை மலை விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போச்சு.

அப்போஸ்தலர் 8-ல எத்தியோப்பியன் ஒருத்தன் எருசலேமுக்குக் கும்பிடப் போயிட்டு தேரில திரும்பி வாறான், வழியில பிலிப்புங்கிற ஊழியக்காரர் அவனைச் சந்திக்கிறார். மூலத்தில அவன் அண்ணகன். நாங்க வாசிக்கிற பழைய தமிழ் பைபிள்ல "மந்திரி"ன்னுதான் இருக்கு, பிலிப்பும் மந்திரியும் தண்ணீரில இறங்கினாங்கன்னு. மந்திரின்னா மரியாதையான ஆள்தானே, யாருக்குப் பிரச்சினை? அந்தச் சொல்லால கதையோட உயிரே எங்களுக்குத் தெரியாமப் போயிட்டுது. உபாகமத்துப்படி சபைக்குள்ள சேர ஏலாத ஒரு மனுசன் அவ்வளவு தூரம் போய் வெளிய நின்னு கும்பிட்டுட்டு, வழியில ஏசாயா 53 வாசிக்கிறான். அதே சுருளில இன்னும் கொஞ்சம் விரிச்சா 56 வரும், பட்டமரம் வரும். அதுதான் அவன் "தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன"ன்னு கேக்கிறான். வாழ்க்கை முழுக்கத் தடையைப் பார்த்தவன் கேக்கிற கேள்வி. பிலிப்பு புத்தகம் எடுத்துக் கட்டம் பார்க்கல்ல, ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க.

இதையெல்லாம் சொன்னா சபையில ஒரு பதில் வரும், கரன்ட் பில் கட்டணும், பாஸ்டருக்கு சம்பளம் குடுக்கணும், கூரை ஒழுகுதுன்னு. நியாயம். நான் சந்தா கட்டுறவ, இனியும் கட்டுவேன், வேலையாள் கூலிக்குப் பாத்திரன்னு வேதமே சொல்லுது. சீலோவில ஆசாரியனா இருந்த ஏலியோட பிள்ளைகள் பலி இறைச்சியில பங்கு எடுத்ததும் முறைப்படி அவங்களுக்கு உள்ள பங்குதான் முதல்ல. கொதிக்கிற பானைக்குள்ள மூணு கூர் முள்ளை விட்டுக் குத்தி வந்ததையெல்லாம் எடுத்தாங்க, அப்புறம் வேகுறதுக்கு முந்தியே பச்சையாத் தா, இல்லாட்டி பலவந்தமா எடுப்பேன்னாங்க. பங்கு எந்த நிமிசத்தில பலவந்தம் ஆச்சுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அந்த ஒஃபிஸ்காரருக்கும் தெரியல்லன்னுதான் நான் நம்புறேன்.

காணிக்கை எடுக்கிற நேரம் எங்க சபையில அடிக்கடி வாறது ஏழை விதவையோட ரெண்டு காசு. எவ்வளவு தியாகம் பாருங்கன்னு சொல்லித் தட்டை அனுப்புவாங்க. மாற்கு 12-ல அதுக்குச் சரியா முந்தின வரியில, வேதபாரகர் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்றாங்கன்னு இயேசு சொல்றார். அடுத்த காட்சியில ஒரு விதவை தன்கிட்ட இருந்த சீவனம் முழுக்கப் போடுறா. அதுக்கு அடுத்ததா, இந்தக் கட்டடத்தில ஒரு கல்லின் மேல ஒரு கல் நிக்காதுங்கிறார். மூணையும் சேர்த்து வாசிச்சா அவர் அவளைப் பார்த்து சந்தோசப்பட்டார்னு எனக்குச் சொல்ல வாய் வரல்ல. அவர் அழாம இருந்ததே பெரிசு.

நான் இந்த விசயத்தைக் கமிட்டியில கதைச்சேன். அடக்க ஆராதனைக்கு சந்தாப் புத்தகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு கேட்டேன். ரெண்டு பேர் ஓம்னாங்க, மிச்சப் பேர் அடுத்த கூட்டத்தில பார்ப்போம்னாங்க, ரெண்டு கூட்டம் போயிட்டுது, நான் திரும்பக் கேக்கத்தான் போறேன்.

பொடியன் இப்ப கட்டார்ல வேலை. போன மாசம் வாட்ஸ்அப்ல கோல் எடுத்தான், எங்க அம்மா எப்படி, லேன் எப்படின்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். பிறகு, "அக்கா, அம்மாட பேர் அந்தப் புத்தகத்தில இன்னும் இருக்கா?"ன்னான். பார்த்துச் சொல்றேன்னேன். ஞாயிறு ஆராதனை முடிஞ்சு ஒஃபிசுக்குப் போய் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஆன்ட்டியோட பக்கத்தைத் திறந்தேன். பேருக்கு மேல சிவப்புப் பேனையால ஒரு கோடு. அந்தப் பதினேழு கட்டத்திலயும் ஒரே கையெழுத்தில, ஒரே மையில, 300, 300ன்னு நிரப்பியிருந்துது. கீழ எழுதியிருந்துது, "மரணம். நிலுவை இல்லை."

அவனுக்கு இன்னும் பதில் போடல்ல.